ரோஸ்லின் லைனில் வெண்டிலேட்டர் இருந்தது

பழைய அறைத்தோழன் செல்வம் போன் செய்தபோது நான் மொட்டை மாடியில் ஈரத்துணி உதறிக்கொண்டிருந்தேன். காலை எட்டு மணி இருக்கும். குன்றத்தூரில் மகள் வீட்டோடு இருக்கிற அவன் அந்த நேரத்தில் கூப்பிடுகிற ஆளில்லை. "வேலு, ரோஸ்லின் அக்கா பூட்டாங்கடா," என்றான். "காப்பி குடிச்சிட்டு ஜன்னலாண்ட சேர் போட்டு குந்தினு இருந்தாங்களாம். அப்படியேடா." மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு வைத்துவிட்டான். நான் ஒரே வேட்டியைத் திரும்பத் திரும்ப உதறிக்கொண்டு நின்றேன்.

மறுநாள் தண்டலத்துக்கு உள்ளே இருக்கிற கல்லறைத் தோட்டத்தில் அடக்கம். நினைத்ததைவிடக் கூட்டம் அதிகம். பாதிப்பேர் எப்போதோ அக்காவின் ரோஸ்லின் லைனில் வாடகைக்கு இருந்தவர்கள். தலை நரைத்து, தொப்பை விழுந்து, முகம் மாறிப்போயிருந்ததால் அறை எண்ணைச் சொல்லித்தான் ஒருவரையொருவர் அடையாளம் கண்டுகொண்டார்கள். எனக்குப் பின்னால் நின்ற ஒருவர் பக்கத்து ஆளிடம் மெதுவாகச் சொன்னார்: "நல்ல மனுசிபா. வூட்டத்தான் காத்து வராம கட்டிட்டாங்க." அதற்கு மற்றவர், "ஆமா, ஓத லைன்னுதான பேரே," என்றார். ஓதம் என்றால் தெரியுமல்லவா, சுவரில் ஏறுகிற ஈரம். பெட்டியைக் குழிக்குள் இறக்கிக்கொண்டிருக்கிறார்கள், அந்த நேரத்திலும் அக்காவை அந்தப் பேர் விடவில்லை. திரும்பி ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. என் முறை வந்ததும் மூன்று கை மண் போட்டுவிட்டு ஒதுங்கிக்கொண்டேன்.

அன்று மாலை அக்காவின் மகள் ஸ்டெல்லா என்னைத் தனியாகக் கூப்பிட்டாள். முப்பதாம் நாள் பூசைக்கு வருகிறவர்களுக்கு ஒரு சிறு புத்தகம் கொடுக்கப் போகிறாளாம். "நீங்க எழுதிக் குடுங்கண்ணே. உங்க எழுத்து நல்லா இருக்கும்னு அம்மா அடிக்கடி சொல்வாங்க," என்றாள். அவள் மனதில் ஒன்றுமில்லை, பாராட்டாகத்தான் சொன்னாள். ரோஸ்லின் அக்காவைப் பற்றி நான் எழுதுவது இது இரண்டாவது தடவை. முதல் தடவை எழுதியது 1991-இல். அது அவருக்கு எதிராகக் கொடுத்த மனு.

இந்தப் புத்தகத்தை வைத்திருக்கும் உங்களில் பலர் அக்காவை வீட்டுக்காரம்மாவாக மட்டும்தான் அறிவீர்கள். அதற்கு முன்னால் அவர் ஒரு நெஞ்சுநோய் ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு வருடம் வார்டு ஆயாவாக இருந்தவர். அங்கே மழையோ பனியோ, ஜன்னல் கதவைச் சாத்தவே கூடாதாம். கணவர் லாரி விபத்தில் இறந்த பிறகு வேலையை விட்டுவிட்டு, அப்பா கொடுத்த நிலத்தில் வரிசையாக எட்டு அறை கட்டினார். பக்கத்தில் அப்போதுதான் ஒன்றிரண்டு கம்பெனிகள் வந்திருந்தன. கொத்தனார் செலவு குறைக்கப் பார்த்தபோது அக்கா கூடவே நின்று, முன்சுவரில் ஒரு ஜன்னல், அதற்கு நேர் எதிரே பின்சுவரில் ஒரு ஜன்னல், இரண்டுக்கும் மேலே கூரையை ஒட்டி ஓட்டை ஓட்டையான சிமெண்ட் ஜாலி வைத்த இரண்டு வெண்டிலேட்டர் என்று எட்டு அறைக்கும் போடவைத்தார். ஜாலிக்குக் கதவு கிடையாது. "கதவு வெச்சா சாத்திடுவீங்கன்னு தெரியும்," என்று எங்களிடமே சொல்லியிருக்கிறார்.

மூன்றாம் எண் அறையில் நாங்கள் ஆறு பேர். எல்லோரும் ஒரே கம்பெனி. மோட்டார் உதிரிப்பாகம் செய்கிற இடம். யாரும் பெர்மனன்ட் ஆகவில்லை. நான் ஸ்டோர்ஸில் கிளார்க். செய்யாறு பக்கத்துச் செல்வம் கிரைண்டிங்கில். ஏ ஷிப்டில் இரண்டு பேர், பி ஷிப்டில் இரண்டு பேர், ராத்திரி முழுக்க ஓடுகிற சி ஷிப்டில் இரண்டு பேர். வாரத்துக்கு ஒருமுறை மாறும். யாராவது ஒருவன் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பான். பாய் ஆறுவதற்கு நேரமே கிடையாது. வெளியே பட்டப்பகலாக இருக்கும்போது எங்கள் அறையில் ராத்திரி. ஜன்னலைத் திறக்கலாம் என்று நினைத்தால் தூங்குகிறவன் திட்டுவான். சரி, அடுத்த ஷிப்ட்காரன் திறப்பான் என்று இவன் நினைப்பான். அவனும் அப்படியே நினைப்பான். ஆறு பேரில் ஒருவனும் திறக்கவில்லை.

அதிலும் நான் கோவில்பட்டிக்காரன். எங்கள் ஊரில் ஈரம் என்றால் தேடிப் போய்க் கும்பிட வேண்டிய பொருள். வீட்டுக்குள் ஈரம் வந்து சுவரைத் தின்னும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். வெயிலையும் புழுதியையும் உள்ளே விடாமல் கதவைச் சாத்தி வைக்கத்தான் எனக்குத் தெரியும். பங்குனியில் குடிவந்தேன். சித்திரையில் சி ஷிப்ட் முடித்து வந்து படுத்தால், ஒன்பது மணிக்குப் பின்சுவர் வெண்டிலேட்டர் வழியாக வெயில் சரியாக என் கண்ணில் வந்து விழும். தலைமாட்டை மாற்றினால் கால் கதவில் இடிக்கும். நாலு நாள் பொறுத்தேன். ஐந்தாம் நாள் ஸ்டோர்ஸிலிருந்து இரண்டு அட்டைப்பெட்டியைப் பிரித்து மடித்துச் சட்டைக்குள் வைத்து எடுத்து வந்தேன். கேட் பாஸ் இல்லாமல் அழுக்குத்துணிகூட வெளியே போகக்கூடாது என்பது கம்பெனி சட்டம். மாட்டினால் அன்றோடு வேலை காலி.

அட்டையை ஜாலியின் மேல் வைத்து, பெட்டி கட்டுகிற பிளாஸ்டிக் நாடாவை ஓட்டையில் விட்டு இறுக்கிக் கட்டினேன். ஓரமெல்லாம் பழுப்பு டேப் ஒட்டினேன். மத்தியானத்துக்கு மேல் முன்பக்கமும் வெயில் வரும் என்று இரண்டு வெண்டிலேட்டரையும் முடித்தேன். பெட்டி மேல் சரக்கு எண்ணும் தேதியும் நான் மார்க்கரில் எழுதியிருந்தேன். அந்தப் பக்கம் அறைக்குள் வருகிறவர் கண்ணில் படக்கூடாது என்று சுவர் பக்கமாகத் திருப்பி வைத்துக் கட்டினேன். இதை ஏன் இவ்வளவு விவரமாகச் சொல்கிறேன் என்றால், தெரியாமல் செய்தேன் என்று நான் பிறகு எனக்கே சொல்லிக்கொண்ட பொய்யை உடைப்பதற்குத்தான். தெரிந்துதான் செய்தேன். அன்று நன்றாகத் தூங்கினேன்.

அக்கா தினமும் காலையில் லைன் நெடுகக் கைதட்டிக்கொண்டு நடப்பார். "தொறங்கப்பா, தொறங்க! பொழுதினிக்கும் மூடிகினே கீறீங்களே, வூடு மூச்சு வுட வேணாவா?" நாங்கள் அவருக்கு 'ஜன்னல் அக்கா' என்று பேர் வைத்து, அவர் நடையையும் கைதட்டலையும் செய்து காட்டிச் சிரிப்போம். ஒருநாள் அவர் வாசலில் நின்று சொன்னார்: "ஆறு பேர் வுடற மூச்சு, ஸ்டவ்ல வேகற சோத்து ஆவி, கயித்துல தொங்கற ஈரத்துணி, எல்லாம் எங்க போவும்? செவுத்துலதான் போய் குந்தும்." எங்களுக்கு அதுவும் ஒரு வேடிக்கையாகிவிட்டது. சோற்றுப் பானையைத் திறக்கும்போதெல்லாம் ஒருவன் சுவரைப் பார்த்து, "வா, வந்து குந்து," என்பான்.

இன்னொரு நாள் அவர் பின்பக்கமாக வந்து, ஒரு குச்சியால் ஜன்னலைத் தள்ளித் திறந்துவிட்டார். நான் சி ஷிப்ட் முடித்துப் படுத்து அரைமணி நேரம்கூட ஆகவில்லை. எழுந்து உட்கார்ந்து கத்தினேன். "என்னக்கா, மனுசன் தூங்கவா வேண்டாமா? ஒங்களுக்கு வேற சோலியே கெடையாதா? வாடகை குடுக்கோம்லா, சும்மாவா இருக்கோம்?" அக்கா "தூங்கு தம்பி," என்று சொல்லிவிட்டுப் போனார். போகும்முன் அவர் கண் ஒரு நொடி மேலே வெண்டிலேட்டர் பக்கம் போனது. நான் ஜன்னலை இழுத்துச் சாத்தி, அதற்கும் ஒரு கறுப்புப் பாலிதீன் ஷீட்டை அடித்தேன். அந்தக் கோபம் எனக்குள் ரொம்ப நாள் இருந்தது.

ஐப்பசி மழை ஆரம்பித்தது. துவைத்த யூனிபார்மை வெளியே போட முடியாது. அறைக்குள்ளேயே கயிறு கட்டி ஆறு பேர் துணியும் தொங்கும். முதலில் பின்சுவர் மூலையில் உள்ளங்கை அளவுக்குக் கறுப்பாய் ஒரு திட்டு வந்தது. அடுப்புப் புகை என்று நினைத்தோம். பத்து நாளில் அது பாயை ஒட்டி நீளமாகப் பரவியது. தலையணை உறையில் புள்ளிப் புள்ளியாக வந்தது. டிரங்குப் பெட்டியில் இருந்த என் சர்ட்டிபிகேட் உறைமேல் சாம்பல் நிறத்தில் பூசணம் பூத்திருந்தது. சுண்ணாம்பு வாங்கி வந்து மேலேயே அடித்தோம். ஒரு வாரம் வெள்ளையாக இருந்தது. பிறகு உள்ளிருந்து மறுபடி கறுப்பாக வந்துவிட்டது. அறைக்குள் நுழைந்தாலே ஊறிய சாக்கு வாடை.

செல்வத்துக்கு இழுப்பு வந்தது அப்போதுதான். ஏற்கெனவே கிரைண்டிங் தூசியில் இருமிக்கொண்டிருந்தவன், இப்போது படுத்தால் மூச்சு விட முடியாமல் எழுந்து உட்கார்ந்துவிடுவான். ஒரே மாதத்தில் ஏழு நாள் லீவு. "இன்னும் ஒரு நாள் போட்டா வராதே," என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டார். அவன் சம்பளத்தை நம்பி ஊரில் ஒரு குடும்பமே இருந்தது. "இன்னாடா பண்றது, வேலு?" என்று என் முகத்தையே பார்த்தான். யார் மேலாவது பழி போட்டாக வேண்டும். கம்பெனித் தூசியைச் சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. வீட்டைச் சொல்ல வாய் இருந்தது. வீட்டால்தான் சீக்கு என்று எழுதிக்கொடுத்தால் லீவை மன்னிப்பார்கள், வேறு இடமும் பார்த்துத் தருவார்கள் என்று ஒருவன் யோசனை சொன்னான். "நீதான் நல்லா எழுதுவே," என்று எல்லோரும் என்னைக் கை காட்டினார்கள். எனக்குப் பெருமையாக இருந்தது. வெட்கங்கெட்டவன், பெருமையாகத்தான் இருந்தது.

கம்பெனியில் லீவு, ஆள் விவகாரம் பார்க்கிற பர்சனல் ஆபீசருக்கு இரண்டு பக்கத்தில் எழுதினேன். "மேற்படி அறையில் காற்று வந்து போக யாதொரு வழியும் இன்மையால்" என்று ஒரு வரி. அந்த 'யாதொரு'வை நானே இரண்டு தடவை வாசித்து ரசித்தேன். எழுதும்போது தலையை நிமிர்த்தி மேலே பார்த்தேன். அட்டை மேலும் பூசணம் ஏறி, எது சுவர் எது அட்டை என்று தெரியாமல் ஒரே கறுப்பாக இருந்தது. மறந்துவிட்டேன், சுவர் என்றே நினைத்தேன் என்று முப்பது வருடத்துக்கு மேலாகச் சொல்லிப் பார்க்கிறேன். மறக்கவில்லை. ஆறு பேரும் கையெழுத்துப் போட்டார்கள். நான்தான் முதலில் போட்டேன்.

அப்போது எங்கள் கம்பெனி, புதிதாகச் சேருகிறவர்களுக்குச் சொல்ல ஒரு வாடகை வீட்டுப் பட்டியல் வைத்திருந்தது. ரோஸ்லின் லைன்தான் அதில் முதல் பேர். கம்பெனி பஸ்ஸும் லைன் வாசலிலேயே நிற்கும். ஆபீசர் ஒருநாள் மத்தியானம் பார்க்க வந்தார். உள்ளே இரண்டு பேர் தூங்கிக்கொண்டிருந்ததால் வாசற்படியிலேயே நின்று டார்ச் அடித்தார். சுவரைப் பார்த்ததும் கைக்குட்டையை மூக்கில் வைத்துக்கொண்டார். மனுவை அக்காவிடம் நீட்டினார். அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கி, நின்றபடியே இரண்டு பக்கத்தையும் படித்தார். படித்து முடித்து, "எழுத்து நல்லா கீது," என்று மட்டும் சொன்னார். பிறகு கையை உயர்த்திக் காட்டினார். "சார், மேல பாருங்க. ரெண்டு பக்கமும் வெண்டிலேட்டர் வெச்சித்தான் கட்டினேன். அட்ட கட்டி அடச்சிகிறாங்க."

ஆபீசர் என் பக்கம் திரும்பினார். "அப்படியா?" என்றார்.

"நாங்க வரும்போதே அப்படித்தான் சார் இருந்துச்சு," என்றேன்.

அவ்வளவுதான் நான் சொன்னது. பயந்து சொன்னதா, பழைய கோபத்தில் சொன்னதா என்று கேட்டால் இரண்டும்தான். அட்டையை யார் கட்டியது என்று தெரிந்தால் எங்கிருந்து வந்தது என்ற கேள்வி வரும். அக்கா என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். சரியாகக் காதில் விழவில்லையோ என்பதுபோல் கொஞ்சம் தலையைச் சாய்த்துப் பார்த்தார். ஆபீசர் மேலே டார்ச்சை ஒரு தடவை காட்டிவிட்டு, "நீங்களே அடைச்சு வாடகைக்கு விட்டா எப்படிம்மா?" என்று கேட்டுக்கொண்டே ஜீப்பில் ஏறினார்.

ஒரே வாரத்தில் பட்டியலிலிருந்து ரோஸ்லின் லைன் போய்விட்டது. பஸ் நிறுத்தத்தை அரை மைல் தள்ளி வைத்தார்கள். நாங்கள் காலி செய்தோம். எங்களைப் பார்த்து மற்ற அறைக்காரர்களும் ஒவ்வொருவராகக் காலி செய்தார்கள். ஓத லைன் என்ற பேர் அப்போது வந்ததுதான். தை பிறக்கும்போது எட்டு அறையில் ஆறு பூட்டிக் கிடந்தன. அக்கா ஒரு கிளினிக்கில் மறுபடியும் ஆயா வேலைக்குப் போனார் என்று கேள்விப்பட்டேன். செல்வத்தின் லீவை மன்னித்தார்கள். மனு எழுதியவன் என்று எனக்குக் கம்பெனிக்குள் ஒரு மரியாதைகூட வந்தது. நல்ல கூத்து.

புது அறையில் எங்களுக்கு வெண்டிலேட்டரை அடைக்கும் வேலையே இருக்கவில்லை. கட்டியவன் வைக்கவே இல்லை. இருந்த ஒரு ஜன்னலுக்கும் முதல் நாளே பாலிதீன் அடித்தோம். அதே கயிறு, அதே ஈரத்துணி, அதே ஸ்டவ். மார்கழிப் பனியிலேயே மூலையில் கறுப்புத் திட்டு வந்துவிட்டது. வீடு மாறியும் பூசணம் எங்கள் பின்னாலேயே வந்திருக்கிறதென்றால், அதைக் கொண்டு வருகிறவர்கள் நாங்கள்தானே? மற்றவர்களிடம் சொல்லவில்லை. அவர்கள் அந்த வீட்டுக்காரனைத் திட்ட ஆரம்பித்திருந்தார்கள்.

பொங்கல் முடிந்த வாரம் ஒரு மத்தியானம் செல்வத்துக்கு மூச்சு சுத்தமாக முட்டிக்கொண்டது. உதடு நீலமாகிவிட்டது. ஷிப்ட் மாறுகிற நேரம், மற்ற நாலு பேரும் அறையில் இல்லை. சைக்கிளை எடுத்து மிதித்தவன் எங்கே போய் நின்றேன் தெரியுமா? ரோஸ்லின் அக்கா வாசலில். அப்போதுதான் அவர் கிளினிக்கிலிருந்து வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். "அக்கா, செல்வத்துக்கு மூச்சு..." என்றேன். கழற்றின செருப்பைத் திரும்ப மாட்டிக்கொண்டு சைக்கிள் பின்னால் ஏறி உட்கார்ந்தார்.

உள்ளே நுழைந்ததும் முதலில் பாலிதீனைக் கிழித்து ஜன்னலைத் திறந்தார். கதவைச் சுவரில் முட்டும் வரை தள்ளினார். கயிற்றை அறுத்து ஈரத்துணி முழுவதையும் வெளியே வீசினார். செல்வத்தைச் சுவரிலிருந்து நகர்த்தி, முன்னால் சாய்ந்தாற்போல் உட்காரவைத்து, அவன் நெஞ்சைத் தன் தோளில் தாங்கிக்கொண்டார். "மெதுவா வுடு கண்ணு. உள்ள இழுக்கறத பத்திக் கவலப்படாத, மொதல்ல வெளிய வுடு." அப்படியே ஆட்டோவில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். ஊசி போட்டு, மூச்சு சீராகிற வரைக்கும் அவன் கையை அக்கா விடவில்லை. அந்த மனுவில் இரண்டாவது கையெழுத்து செல்வத்துடையது.

சாயங்காலம் அவரை சைக்கிளில் கொண்டுவந்து விட்டேன். "நில்லு தம்பி," என்று சொல்லி உள்ளே போனவர், கையில் ஓர் அட்டையோடு வந்தார். ஒருபக்கம் கறுத்துப்போயிருந்தது. மறுபக்கம் பளிச்சென்று என் எழுத்து. சரக்கு எண், கீழே தேதி. நாங்கள் குடிவந்து ஒரு மாதம் கழித்து வந்த சரக்கு. "நீங்க காலி பண்ண அன்னிக்கே அவுத்துட்டேன். அன்னிக்கே சொன்னனே, எழுத்து நல்லா கீதுன்னு. இதுலயும் அதே எழுத்துதான்," என்றார்.

"இத ஆபீசர்ட்ட காட்டியிருக்கலாம்லாக்கா?" என்று கேட்டேன்.

"காட்டினா? கம்பெனி அட்டய திருடினு வந்துட்டான்னு உன்ன அனுப்பிடுவான். கோவில்பட்டிலேர்ந்து வந்து அதுக்கா இங்க சோறு பொங்கித் துன்னுகினு கீற? வூடு கெடக்குது, எங்கியும் பூடாது. இந்தா, இது உன்னுது, எடுத்துகினு போ." அட்டையை என் கையில் வைத்துவிட்டு, "ஏம்பா அடச்சே?" என்று கேட்டார்.

"வெயில் மூஞ்சில அடிச்சுதுக்கா. தூங்க முடியல."

"அட பாவி! அத ஒரு வார்த்த என்னாண்ட சொன்னா இன்னாபா?" என்று தலையில் அடித்துக்கொண்டார்.

எட்டு மாதம் ஒரே வளாகத்தில் இருந்திருக்கிறேன். தினமும் வாசலில் கைதட்டிய மனுஷியிடம், வெயில் கண்ணில் படுகிறது என்று சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த மாதமே அவர் எட்டு அறையிலும் வெண்டிலேட்டருக்குக் கீழே ஒரு பலகையைச் சாய்வாகப் பதிக்கவைத்தார். வெளிச்சம் அதில் பட்டு மேலே கூரைக்குப் போய்விடும், காற்று மட்டும் உள்ளே வரும். அவ்வளவு சின்ன வேலை. உங்களில் பின்னால் குடிவந்தவர்கள் அந்தப் பலகையைச் சாமான் வைக்கிற இடம் என்று நினைத்திருப்பீர்கள். சோப்புப் பெட்டி வைத்துத் திட்டு வாங்கியும் இருப்பீர்கள். அது என் கண்ணுக்காகப் போட்ட பலகை.

மூன்று ஷிப்ட்காரர்களுக்கு என்று அவர் ஒரு வழக்கம் கொண்டுவந்ததும் அதற்குப் பிறகுதான். ஆறு மணி, இரண்டு மணி, பத்து மணி. வேலை முடித்து வருகிறவன் குளிக்கிற அரைமணி நேரம் இரண்டு ஜன்னலும் திறந்திருக்க வேண்டும். தூங்குகிறவன் போர்த்திக்கொள்ளட்டும். "ஆள் மாறும்போது காத்தும் மாறணும்," என்பார். பாயைச் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போடு, ஈரத்துணிக்குப் பின்பக்கத் தாழ்வாரம் இருக்கிறது, சோறு வேகும்போது கதவைத் திற, பூசணத்தின் மேல் சுண்ணாம்பு அடிக்காதே, பிளீச்சிங் பவுடர் கரைத்துத் தேய்த்துக் கழுவி நன்றாகக் காயவிட்டு அடி என்று அவர் சொன்னதெல்லாம் உங்கள் காதிலும் இருக்கும். செல்வம் முதல் ஆளாகத் திரும்பிப் போய் அங்கேயே குடியேறினான். இழுப்பு அவனை முழுக்க விடவில்லை. ஆனால் அறுபது வயது வரை அதே கம்பெனியில் வேலை செய்து வெளியே வந்தான்.

நான் திரும்பிப் போகவில்லை. அந்த வருடமே பெர்மனன்ட் ஆனேன். பத்தாவது மாதத்தில் சரிசெய்திருக்கலாம், பத்தாவது வருடத்தில் சரிசெய்திருக்கலாம். ஆபீசர் மாறினார், பிறகு அவருக்கு அடுத்தவரும் மாறினார். பட்டியலில் அந்தப் பேர் திரும்பச் சேரவே இல்லை. ஒரகடம் பக்கமெல்லாம் கம்பெனிகள் வந்து அறைக்கு அடிதடி ஆனபோதும், மற்ற இடமெல்லாம் நிரம்பின பிறகுதான் ரோஸ்லின் லைனுக்கு ஆள் வரும். "அது ஓதமாச்சே," என்று என்னிடமே சொல்லியிருக்கிறார்கள். நான் "அப்படியா?" என்று கேட்டிருக்கிறேன். இதைவிட அசிங்கம் ஒரு மனுசனுக்கு வேண்டுமா?

எட்டு வருடம் முன்பு வல்லக்கோட்டை கோயிலில் செல்வத்தின் மகளுக்குக் கல்யாணம். பந்தியில் அக்கா பக்கத்தில் எனக்கு இடம் கிடைத்தது. இலையைப் பார்த்துக்கொண்டே, "அக்கா, அந்த மனு விஷயத்துல நான் ஒங்களுக்குச் செஞ்சது..." என்று ஆரம்பித்தேன். அக்கா பாயசத்தை இலையில் வழித்துக்கொண்டிருந்தார். நிறுத்தாமலே சொன்னார்: "என்னாண்ட சொல்லி இன்னாபா ஆவும்? எனக்குத்தான் தெரியுமே. தெரியாதவங்களாண்ட சொல்லு." அதற்கப்புறம் அப்பளம் நமத்துவிட்டது என்று பரிமாறுகிறவனைக் கூப்பிட்டுச் சண்டை போட ஆரம்பித்துவிட்டார்.

அவர் உயிரோடு இருந்த அந்த எட்டு வருடத்தில் நான் யாரிடமும் சொல்லவில்லை. கல்லறைத் தோட்டத்திலும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன். தெரியாதவர்கள் நீங்கள்தான்.

ரோஸ்லின் லைனில் அறைக்கு இரண்டு வெண்டிலேட்டர் இருந்தது. மூன்றாம் எண் அறையில் இருந்த இரண்டையும் அடைத்தது நான். எங்களுக்கு முன்பே அடைத்திருந்தது என்று ஆபீசரிடம் சொன்னதும் நான். அவர் கட்டிய வீட்டில் ஒரு குறையும் கிடையாது.

அக்காவிடமிருந்து எனக்கென்று கிடைத்தது அந்த ஓர் அட்டைதான். நாலு வீடு மாறியும் தூக்கிப் போட மனம் வரவில்லை. இத்தனை வருடம் துணிப் பையில் சுற்றிக் காற்றுப் படுகிற இடமாகப் பார்த்து வைத்திருந்தேன். அதை ஸ்டெல்லாவிடம் கொடுத்துவிட்டேன். முப்பதாம் நாள் அன்று அக்காவின் படத்துக்குப் பக்கத்தில் வைக்கச் சொல்லியிருக்கிறேன். இந்தக் கட்டுரையையும் கையால்தான் எழுதிக் கொடுத்திருக்கிறேன். அச்சுக்குப் போகும் முன் அவள் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். அதே எழுத்துதான்.

சண்முகவேல்
மூன்றாம் எண் அறை